மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? வளாக சோலார் திட்டத்துக்கு ஆதரவு திரட்டுவது பற்றி

கேள்வி: "எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் சோலார் மின் நிலையம் அமைக்க, ஆசிரியர்களும் மாணவர்களுமாக ஒரு சிறு குழு முயன்றுகொண்டிருக்கிறோம். கொஞ்சம் கட்டடங்களின் மொட்டைமாடியில், கொஞ்சம் வாகன நிறுத்துமிடத்தின் மேல், மீதி வளாகத்தின் பின்பக்கக் காலி நிலத்தில் என்று யோசனை. ‘எல்லாத் தரப்பும் ஒத்துக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம்’ என்கிறது நிர்வாகம். மாணவர், ஆசிரியர், ஊழியர், அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் எல்லாருடைய ஆதரவையும் எப்படித் திரட்டுவது?"

பதில்:

‘எல்லாத் தரப்பும் ஒத்துக்கொண்டால்’ என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்வதுதான். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். பணம் போட வேண்டியவர்களும் பின்னால் ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். ஆனால் இதைக் கேட்டதும் பெரும்பாலான குழுக்கள் உடனே கையெழுத்து வேட்டையில் இறங்கிவிடுகின்றன. இரண்டு வாரத்தில் சில ஆயிரம் கையெழுத்து சேர்ந்துவிடும். சூரிய மின்சாரம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? அந்தக் காகிதக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொள்வார்கள். அத்தோடு சரி.

நான் மின்பொறியாளன். இரண்டு வளாகத் திட்டங்களில் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்று சொதப்பியது, இன்னொன்று ஓரளவு நன்றாகவே போனது. இரண்டிலும் பேனல் ஒன்றுதான், பேனலின் மின்சாரத்தைக் கட்டடத்தில் ஓடும் மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் இடத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு ஆதரவு கேட்டோம். இரண்டாவது இடத்தில், வரைபடத்தை இன்னும் பென்சிலில் அழித்து எழுத முடிகிற நிலையில் கொண்டுபோய்க் காட்டினோம். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

சூரிய மின்சாரம் நல்லதா என்பது ஒரு கேள்வி. என் ஜன்னலுக்கு எதிரே, நான் நடக்கிற பாதையில், என் மரத்தை வெட்டிவிட்டு அதை வைக்கலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்றவரே இரண்டாவதுக்கு இல்லை என்பார். அவர் முரண்படுகிறார் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் நிஜமாகவே வேறு வேறு விஷயங்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலைச் சமூகம் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பது பற்றி ரோல்ஃப் வுஸ்டன்ஹாகனும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2007-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. நாடு தழுவிய பொதுக்கருத்து, சந்தை, குறிப்பிட்ட இடத்தில் வாழ்பவர்கள் என்று ஏற்பை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூன்றாவது தரப்பு கேட்பவை: செலவும் பலனும் நியாயமாகப் பிரிகிறதா, முடிவெடுத்த விதம் நியாயமா, எடுத்தவர்களை நம்பலாமா. கையெழுத்து வேட்டை முதல் வகையோடு நின்றுவிடுகிறது. உங்களுக்குத் தேவை மூன்றாவது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? துணைவேந்தரின் அறையைவிட மொட்டைமாடிச் சாவி வைத்திருப்பவரின் அறையிலிருந்து தொடங்குங்கள். பராமரிப்புப் பிரிவில் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். எந்தக் கட்டடம் மழையில் எங்கே ஒழுகும், எந்தத் தண்ணீர்த் தொட்டியின் வால்வு எங்கே சிக்கிக்கொள்ளும், எந்த வடிகால் வாயில் இலை அடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரிடம் முதலில் பேசாததுதான் எங்கள் முதல் திட்டத்தின் பெரிய தப்பு. டெண்டர் எல்லாம் முடிந்த பிறகு வரைபடத்தை அவர் மேசையில் வைத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு வந்த முதல் பெருமழையில், மேல்தளத்து வகுப்பறை ஒன்றில் சுவரெல்லாம் ஓதம். வடிகால் வாய்க்கு மேலே குறுக்காக ஒரு வரிசை பேனல் நின்றதால் உள்ளே கைவிட்டு இலையை அள்ள வழியில்லை, தண்ணீர் தேங்கிவிட்டது. ‘சோலார் போட்டதிலிருந்து கட்டடம் ஒழுகுகிறது’ என்ற பேச்சு ஒரே நாளில் வளாகம் முழுக்கப் பரவியது. அடுத்த இரண்டு கட்டடங்களுக்கான அனுமதி அந்தப் பேச்சிலேயே நின்றுபோனது.

அவரிடம் போய்க் கேட்டேன், முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று. "நீங்க கேக்கலியே சார்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

இரண்டாவது இடத்தில் அவரைப் போன்ற ஒருவரோடு முதல் வாரமே ஏணியில் ஏறினோம். கையில் சாக்பீஸ். வடிகால் வாய் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தொட்டிக்குப் போகிற வழியைக் கோடு போட்டுக் காட்டினார். "ஒரு ஆள் கையில வாளியோட நடக்கணும்" என்று தானே நடந்து காட்டி அகலத்தைக் குறித்தார். அந்தக் கோடுகளால் எங்கள் கணக்கில் கொஞ்சம் கிலோவாட் குறைந்தது, போகட்டும். பதிலுக்கு, எந்தக் கட்டடத்தின் தளத்துக்கு இன்னும் நான்கைந்து வருடத்தில் புதிதாக நீர்க்காப்பு போட வேண்டியிருக்கும் என்று சொன்னார். பேனல் 25 வருடம் நிற்கப்போகிறது. நடுவில் கழற்றி, தளம் போட்டு, திரும்ப மாட்டுவது பெரிய செலவு. அந்தக் கட்டடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். பின்னால் யாராவது ஒழுகல் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவரே பதில் சொன்னார். அவர் சொன்னால் எல்லாரும் நம்பினார்கள், நாங்கள் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதே போல எலக்ட்ரீஷியன்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள். பேனலைக் கழுவப்போவது யார், தண்ணீர் எங்கிருந்து, அது கூடுதல் வேலையா, கூடுதல் கூலி உண்டா? இந்தக் கேள்விகளை யாரும் கூட்டத்தில் எழுந்து கேட்க மாட்டார்கள். விடை இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பேனலில் தூசி படிந்துகிடக்கும். ஊழியர் சங்கம் இருந்தால் அதனிடம் தனியாகப் பேசுங்கள்.

அடுத்தது எண்கள். இதில் ஆசை காட்டி மோசம் போன குழுக்கள் அதிகம். மனக்கணக்காகவே ஒரு தோராயம் போட்டுவிடலாம். தட்டையான கூரையில் நிழல் படாமல் இடைவெளி விட்டு அடுக்கினால் 1 கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும். வெயில் நன்றாக இருக்கும் நாடுகளில் 1 கிலோவாட், வருடச் சராசரியாக நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆக 500 கிலோவாட் என்றால் 5,000 சதுர மீட்டர் கூரை, நாளுக்குச் சுமார் 2,000 யூனிட். உங்கள் வளாகம் நாளுக்கு 20,000 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டம் அதில் பத்தில் ஒரு பங்கு. அப்படியே சொல்லுங்கள். ‘சூரிய சக்தியால் இயங்கும் பல்கலைக்கழகம்’ என்று பேனர் கட்டினால், முதல் மின்கட்டண ரசீது வந்ததும் கணக்குப் பிரிவில் யாராவது ஒருவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வளாகம் முழுக்கச் சுற்றி வரும்.

பத்து சதவீதத்தோடு நின்றுவிட வேண்டும் என்றும் இல்லை. கலிபோர்னியாவில் உள்ள பியூட் கல்லூரி 2011-இல், தான் செலவழிப்பதைவிட அதிக மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து எடுக்கும் நிலைக்கு வந்தது. ஆனால் அங்கே சுமார் 25,000 பேனல்கள், அவற்றையும் பல வருடங்களில் கட்டம் கட்டமாகப் போட்டார்கள். இதைச் சொல்லும்போது ‘கட்டம் கட்டமாக’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு எதிர்பார்ப்பை முதல் நாளே உடைத்துவிடுவது நல்லது. ‘சோலார் வந்தால் கரண்ட் போகாது’ என்று விடுதி மாணவர்களில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பேட்டரி இல்லாமல் மின்கட்டமைப்போடு இணைந்து ஓடும் சாதாரண இன்வெர்ட்டர், கட்டமைப்பில் மின்சாரம் போன உடனே தானும் நின்றுவிடும். அப்படித்தான் நிற்க வேண்டும். கம்பத்தில் ஏறி லைன் சரிசெய்கிறவர், மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கம்பியைத் தொடுகிறார். உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் பின்பக்கமாக வந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. இந்தக் காரணத்தோடு விளக்கினால் யாரும் மறுப்பதில்லை. விளக்காமல் விட்டால், வெயில் கொளுத்தும் ஒரு மதியம் மின்சாரம் போகும், கூரையில் அத்தனை பேனலும் பளபளவென்று நிற்கும், கீழே மின்விசிறி ஓடாது. அன்றைக்கு உங்கள் குழு வாங்கும் வசவைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்டவோ பேட்டரி வைக்கவோ வழி உண்டு. அது தனி வடிவமைப்பு, தனிச் செலவு. வேண்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள். மருத்துவமனையோ குளிர்பதன மாதிரிகள் வைத்த ஆய்வகமோ இருந்தால் ‘வேண்டும்’ என்றுதான் பதில் வரும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் ஆதரவு திரட்ட முடியாது. பல்கலைக்கழகமே முதல் போட்டுச் சொந்தமாக வைத்துக்கொள்வது ஒரு வழி. வெளி நிறுவனம் முதல் போட்டு, கூரையை மட்டும் நீங்கள் தந்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று 15, 20, 25 வருடத்துக்கு வாங்குவது இன்னொரு வழி. இரண்டாவதில் கையிலிருந்து பணம் போகாது என்பதால் நிர்வாகத்துக்குப் பிடிக்கும். ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த பொருளியல் துறைக்காரர் யாராவது, விலை ஆண்டுக்காண்டு ஏறும் பிரிவைச் சுட்டிக்காட்டுவார். அவரை எதிரியாக நினைக்காமல் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் கட்டடத்தை இடிக்க வேண்டி வந்தால் என்ன ஆகும், நிறுவனம் திவாலானால் பேனல் யாருக்கு, கடைசியில் கழற்றிக்கொண்டு போவது யார் செலவு என்ற மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் தெளிவான வரி இருக்க வேண்டும்.

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பது, என் அனுபவத்தில், ஆதரவைத் தீர்மானிக்கும் மிகப் பெரிய விஷயம். பொதுக்கணக்கில் கரைந்துவிட்டால் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. அதில் ஒரு பங்கு, சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற ஒன்றுக்குப் போக வேண்டும்: விடுதியில் பழைய மின்விசிறிகளை மாற்றுவது, நூலகத்தை இரவில் இன்னும் இரண்டு மணிநேரம் திறந்து வைப்பது, இப்படி. எதற்கு என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மூன்று யோசனைகளை வைத்து வாக்கெடுப்பு நடத்துங்கள். எங்கள் இரண்டாவது வளாகத்தில் இதற்கு வந்த கூட்டம் வேறு எதற்கும் வரவில்லை.

மாணவர்களே பணம் தருவதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலைனாவின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், வளாகத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைப்புகளை நிறுவுவதற்காகப் பருவத்துக்கு ஒரு சிறு கட்டணத்தை மாணவர்கள் தாங்களே வாக்களித்துத் தங்கள்மேல் விதித்துக்கொண்டார்கள். அந்த நிதியில் எதைச் செய்வது என்பதிலும் மாணவர் குழுவுக்கே முக்கியப் பங்கு. கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் யோசித்துச் செய்யுங்கள். கட்டணம் கட்டவே கடன் வாங்கிப் படிக்கிற மாணவர் நிறையப் பேர் இருக்கும் இடத்தில் இந்த யோசனையை எடுத்தாலே திட்டம் மொத்தமும் கெட்ட பெயர் வாங்கும்.

மாணவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவர்களைப் பதாகை பிடிக்கவும் செல்ஃபி எடுக்கவும் மட்டும் கூப்பிடுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் கூட்டம் வரும், இரண்டாம் வாரம் காணாமல் போகும். கையில் வேலை கொடுங்கள். எந்தக் கூரையில் எத்தனை மணிக்கு எங்கே நிழல் விழுகிறது என்று மாதம் ஒரு நாள் காலை முதல் மாலை வரை குறிப்பது ஒரு நல்ல வேலை. இதில் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. ஒரு பேனலில் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடு இருக்கும். பேனலின் மூன்றில் ஒரு பகுதிக்கு ஒன்று, அந்தப் பகுதியில் நிழல் விழுந்தால் மின்சாரத்தை அதைச் சுற்றி வேறு வழியில் விடுவது அதன் வேலை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் கைக்குட்டை அளவுக்கு விழுந்தாலே அந்தப் பேனலின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதும், கையில் மீட்டரோடு பேனல் மேல் அட்டையை நகர்த்தி நகர்த்தி எண் குறைவதைப் பார்ப்பதும் ஒன்றாகுமா?

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மாணவர் மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார், நிலையம் 25 வருடம் இருக்கும். ஆர்வமான ஒரு அணியை நம்பி எல்லாவற்றையும் வைத்தால், அவர்கள் பட்டம் வாங்கிப் போன அன்றோடு கடவுச்சொல்கூட யாருக்கும் தெரியாது. நிழல் பதிவு, மின்சுமைக் கணக்கு, உற்பத்தித் தரவு எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பாடத்தின் செய்முறையோடு கட்டிவிடுங்கள். ஆர்வம் வரும் போகும், மதிப்பெண் உள்ள செய்முறை நிற்கும்.

வளாகம் தன் கூரையையே ஆராய்ச்சிக் களமாக்குவதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் யான் கிளைஸலின் குழு, தங்கள் கட்டடம் ஒன்றின் உட்கூரையை வெப்பப் படக் கருவியால் அளந்து 2011-இல் முடிவை வெளியிட்டது. பேனல் இருந்த பகுதிக்குக் கீழே பகலில் உட்கூரையின் வெப்பநிலை 2.5 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருந்தது. மேல்தளத்தில் உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் கார்பன் உமிழ்வு, காலநிலை இலக்கு என்றெல்லாம் பேசுவதைவிட இதைச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, உங்கள் கட்டடத்திலேயே நான்கைந்து வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, பேனல் போடுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

ஆசிரியர்களில் இரண்டு வகைச் சந்தேகம் வரும். நுண்கருவிகள் வைத்திருப்பவர்கள், இன்வெர்ட்டரால் மின்சாரத்தின் தரம் கெடுமா என்பார்கள். நியாயமான கேள்வி. நல்ல இன்வெர்ட்டர் தரும் அலைச்சிதைவு, அதாவது மின் அலையின் வடிவம் கெடுவது, பொதுவாக 5 சதவீதத்துக்குள் இருக்கும். அந்த எண்ணை வாயால் சொல்வதோடு விடாமல், மின்தரம் பதியும் கருவியை அவர் ஆய்வகத்தின் பலகையில் இரண்டு வாரம் முன்கூட்டியே மாட்டி, பிறகு நிலையம் ஓடத் தொடங்கியதும் மறுபடி மாட்டிக் காட்டுங்கள். எங்களிடம் மிகக் கடுமையாக நின்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர், முதல் அளவீட்டிலேயே தன் கட்டடத்தின் பழைய நியூட்ரல் இணைப்பில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தார். பேனல் இன்னும் லாரியில்கூட ஏறவில்லை, அதற்குள் அவர் எங்கள் பக்கம்.

இரண்டாவது வகை, ‘முதலில் வீணடிப்பதை நிறுத்துங்கள், பிறகு உற்பத்தி பற்றிப் பேசலாம்’ என்பவர்கள். வாதாடாதீர்கள், அவர்கள் சொல்வது சரி. வேதியியல் ஆய்வகத்தில் நச்சுப்புகையை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டி ஒன்று, முன்பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டபடியே கிடந்தால், குளிரூட்டிய காற்றை நாள் முழுக்க வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பல வீடுகளின் மின்செலவு ஒரே பெட்டியில் போய்விடும். இறக்கி மூடச் சொல்லி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது எந்தப் பேனலையும்விட மலிவு. சேமிப்பையும் உற்பத்தியையும் ஒரே திட்டமாக வைத்தால் இந்த அணி உங்களோடு வந்துவிடும்.

மரங்கள். இதில் மட்டும் கவனமாக இருங்கள், திட்டம் சரிந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். வளாகத்தில் ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் ஒரு கூட்டம் உண்டு. அதன் அடியில் படித்தவர்கள், காதலித்தவர்கள், சங்கக் கூட்டம் போட்டவர்கள். பேனல் மேல் நிழல் விழுகிறது என்று ஒரு மரத்தைத் தொட்டீர்கள் என்றால், சுற்றுச்சூழல் திட்டம் மரத்தை வெட்டுகிறது என்ற ஒரு வரி போதும், கதை முடிந்தது. என் கருத்து: மரம் வெட்ட வேண்டியிருக்கிற இடத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள். கணக்கு என்ன சொன்னாலும் சரி. வாகன நிறுத்துமிடம் அப்படியில்லை. வெயிலில் கொதிக்கிற வண்டிக்கு நிழல் கிடைக்கிறது என்பது எல்லாருக்கும் உடனே புரியும். தூண் நிறுத்தி உயரத்தில் கட்ட வேண்டும் என்பதால் கூரையைவிடச் செலவு கூடும். ஆனால் தினம் கண்ணில் படுகிறது, கீழே வண்டி நிற்கிறது. ஆதரவு என்ற கணக்கில் பார்த்தால் அந்தக் கூடுதல் செலவு வீண் இல்லை.

இப்போது பின்பக்கக் காலி நிலம். முதலில், அது காலியா என்று பாருங்கள். காலையில் ஆறு மணிக்கும் மாலையில் ஆறு மணிக்கும் போய் நில்லுங்கள். குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை தெரியும். யாரோ ஆடு மேய்ப்பார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், விடியலில் நடைப்பயிற்சி போவார்கள். உங்கள் வரைபடத்தில் அது வெள்ளைத்தாள், அவர்களுக்கு அது தினசரி வாழ்க்கை. வேலி போட்ட அன்றுதான் அக்கம்பக்கத்தாருக்குத் திட்டமே தெரியவருகிறது என்றால், அவர்கள் எதிர்ப்பதில் என்ன தப்பு?

அவர்களிடம் போகும்போது கண்கூசல், கதிர்வீச்சு என்ற இரண்டையும் கட்டாயம் கேட்பார்கள். பேனலின் வேலையே ஒளியை உள்ளே வாங்குவது. கண்ணாடியின் மேல் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது. வெயில் நேராக விழும்போது பேனல் திருப்பி அனுப்பும் ஒளி மிகக் குறைவு. கொச்சி விமான நிலையம் 2015-இல் முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறியது, பேனல்கள் விமான நிலைய நிலத்திலேயே பரந்துகிடக்கின்றன. விமானங்கள் தினமும் இறங்குகின்றன. இருந்தாலும் காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் வெயில், குறிப்பிட்ட சில நிமிடங்களுக்கு ஒரு குறிப்பிட்ட மாடி ஜன்னலில் அடிக்கலாம். அதைக் கணக்கிட முடியும். கணக்கிட்டு, அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், வரிசையின் கோணத்தை மாற்றுங்கள். கதிர்வீச்சு விஷயத்தில், பேனலில் ஓடுவது நேர்மின்சாரம், டார்ச் பேட்டரியில் ஓடுவது போன்றதுதான். இன்வெர்ட்டரைச் சுற்றி வீட்டுக் கருவிகளைச் சுற்றி இருப்பது போன்ற காந்தப்புலம் இருக்கும், சில அடி தள்ளினாலே வேகமாகக் குறைந்துவிடும்.

அவர்கள் கேட்காத, ஆனால் நிஜமான பிரச்சினை மழைநீர். ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் கண்ணாடியில் விழும் மழை, பேனலின் கீழ் விளிம்பில் கோடு போட்டது போல ஒரே இடத்தில் கொட்டும். மண் அரித்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகும். இதை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லி, வாய்க்கால் எங்கே வெட்டப்போகிறோம் என்று காட்டினால், மற்றதிலெல்லாம் உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும். கட்டுமான மாதங்களில் லாரி எந்தத் தெருவில் வரும், எத்தனை மணிக்கு மேல் வராது என்பதும் அப்படித்தான்.

நிலத்தை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். பேனல்களை உயரத்தில் நிறுத்தி அடியில் பயிர் செய்யலாம் என்று ஜெர்மன் இயற்பியலாளர் அடால்ஃப் கோட்ஸ்பெர்கரும் ஆர்மின் சாஸ்ட்ரோவும் 1980-களின் தொடக்கத்திலேயே எழுதினார்கள். இன்று பல நாடுகளில் நடக்கிறது. வேளாண் துறை உள்ள வளாகமாக இருந்தால் அடியில் எது விளையும் என்று ஆராய ஆள் தயாராகவே இருப்பார்கள். எல்லாப் பயிருக்கும் நிழல் ஒத்துவராது, கட்டுமானச் செலவும் ஏறும். ஒற்றையடிப் பாதையை மட்டும் அப்படியே விட்டு இருபுறமும் வேலி போடுவது இதையெல்லாம்விட எளிது.

கருத்துக் கேட்பது என்றால் என்ன என்பதற்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை சோலார் கதை இல்லை, காற்றாலைக் கதை. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனின் துறைமுகத்துக்கு வெளியே கடலில் மிடல்குருண்டன் காற்றாலைப் பூங்கா 2000-இல் எழுந்தது. 20 காற்றாலைகள், 40 மெகாவாட். முதல் திட்டத்தில் 27 காற்றாலைகள், மூன்று வரிசை. நகரத்திலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தும் என்று மக்கள் சொன்னார்கள். எண்ணிக்கையைக் குறைத்து, மெல்ல வளைந்த ஒரே வரிசையாக மாற்றினார்கள். பாதி மின் நிறுவனத்துக்குச் சொந்தம், மறுபாதி ஆயிரக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம். ஏழு காற்றாலை போனது, ஆனால் திட்டம் வந்தது. உங்கள் கூட்டம் முடிந்த பிறகு வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை என்றால், வந்தவர்களுக்கு அது அடுத்த கூட்டத்துக்குள் தெரிந்துவிடும். பிறகு வர மாட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். தகவல் சொல்வதும் ஆலோசனை கேட்பதும் அதில் நடுப்படிகள்தான், ஒப்புக்குச் செய்வது என்றுதான் அவற்றை வகைப்படுத்தினார். பெரும்பாலான வளாகங்கள் அந்தப் படியிலேயே நின்றுவிட்டு, மக்களைக் கலந்தோம் என்று அறிக்கை எழுதுகின்றன.

கூட்டம் நடத்துவது பற்றிச் சுருக்கமாக. பெரிய அரங்கம், மேடை, படக்காட்சி வேண்டவே வேண்டாம். அதில் சத்தமாகப் பேசுகிற நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள். இருபது இருபத்தைந்து பேராக, அவரவர் இடத்தில், அவரவர் நேரத்தில் சந்தியுங்கள். இரவுப் பணிக் காவலர்களுக்கு இரவில். ஒரு பேனலைக் கொண்டுபோய்த் தரையில் வையுங்கள். தொட்டுப் பார்க்கட்டும், தூக்கிப் பார்க்கட்டும். கேள்விகளையெல்லாம் எண் போட்டு ஒரே தாளில் எழுதுங்கள். எதிரே மூன்றே விதமான பதில்: ‘மாற்றிவிட்டோம்’, ‘மாற்ற முடியாது, காரணம் இது’, ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’. அந்தத் தாளை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள், வாரம் ஒருமுறை புதுப்பியுங்கள். நிர்வாகத்திடம் கொண்டுபோக வேண்டியது இந்தத் தாள்தான்.

முதலில் ஒரே ஒரு கட்டடத்தில் போடுங்கள், எல்லார் கண்ணிலும் படுகிற கட்டடமாக. கலிபோர்னியாவில் வீட்டுக் கூரை சோலார் பற்றி பிரையன் போலிங்கரும் கென்னத் கில்லிங்ஹாமும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பகுதியில் ஏற்கெனவே போட்டவர்கள் கூடக் கூட, அக்கம்பக்கத்தார் போடும் வாய்ப்பும் கூடுகிறது என்று காட்டியது. வளாகத் துறைகளும் அப்படித்தான். பக்கத்துத் துறையின் மின்செலவு குறைந்தது என்று கேள்விப்பட்டால், எங்கள் கூரைக்கு எப்போது என்று துறைத்தலைவரே போன் செய்வார்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ‘எல்லாத் தரப்பும்’ என்று நிர்வாகம் சொன்னதை ‘எல்லாரும்’ என்று எடுத்துக்கொண்டால் எந்தக் காலத்திலும் வேலை நடக்காது. எதிர்ப்பு ஒரு இடத்தைப் பற்றியது என்றால் அந்த இடத்தை விடத் தயாராக இருங்கள். காலி நிலம் சிக்கலானால் கூரையும் வாகன நிறுத்துமிடமும் முதல் கட்டம், நிலம் பிறகு. எதிர்ப்பு உங்கள் குழுவின் மேல் என்றால், அதாவது அந்த ஆள் கொண்டுவருகிறார் அதனால் வேண்டாம் என்கிற வகை என்றால், முன்னால் நிற்பவரை மாற்றுங்கள். இதைச் சொன்னால் குழுத்தலைவர்களுக்குக் கோபம் வருகிறது. நான் என்ன செய்ய.

நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு ஆதரவைத் தக்கவைப்பது தனி வேலை. வாசலில் இன்று இத்தனை யூனிட் என்று காட்டும் மின்னணுப் பலகை வைப்பார்கள். வையுங்கள், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் வையுங்கள். மூன்று மாதமாகப் பூஜ்யம் காட்டுகிற பலகையைப் பார்க்கிறவர், பேனலும் ஓடவில்லை என்றுதான் நினைப்பார். பேனலின் உற்பத்தி ஆண்டுக்கு அரை சதவீதம் போலக் குறையும், இன்வெர்ட்டரை 10, 15 வருடத்தில் மாற்ற வேண்டிவரும், புறாக்கள் பேனலுக்கு அடியில் கூடு கட்டும். இதையெல்லாம் ஆண்டறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள். பழுதாகி நின்ற நாட்களையும் சேர்த்து.

உங்கள் குழு இந்த வாரம் செய்யக்கூடிய வேலை ஒன்றுதான். அடுத்த மழை விட்ட மறுநாள் காலையில், சாவி வைத்திருப்பவரோடு மாடி ஏறுங்கள். தண்ணீர் எங்கெல்லாம் தேங்கி நிற்கிறது என்று பார்த்து அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வரைபடத்தை அதற்கு அப்புறம் வரையலாம்.